துணிவுக்கும் ஒரு கணக்கு உண்டு

வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேச்சுகளைக் கேட்டே வளர்கிறார்கள். ஒன்று, "துணிந்தவனுக்குத் துக்கமில்லை". மற்றொன்று, "அகலக் கால் வைக்காதே". இரண்டும் அனுபவத்தில் பிறந்தவை. ஆனால் அடுத்த தெருவில் ஒரு கடை காலியாகிறது, அங்கே ஒரு கிளை போடலாமா என்று யோசிக்கும்போது எந்தப் பேச்சைக் கேட்பது? பெரும்பாலும் அன்றைய மனநிலைதான் தீர்மானிக்கிறது. தீபாவளி விற்பனை நன்றாக இருந்தால் முதல் பேச்சு இனிக்கிறது. கல்லா காய்ந்து கிடக்கும் மாதத்தில் இரண்டாவது பேச்சு நினைவுக்கு வருகிறது.

மனநிலையைக் கொண்டு எடுக்கும் முடிவு துணிவும் ஆகாது, எச்சரிக்கையும் ஆகாது. துணிவைப் பிறவிக் குணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பழகிக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கு. கொள்முதலையும் விற்பனையையும் பேரேட்டில் எழுதத் தெரிந்த எவரும் இந்தக் கணக்கையும் போடலாம். அதைப் போடும் விதத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வியாபாரி என்றாலே ரிஸ்க் எடுப்பவர்

"நான் ரிஸ்க் எடுக்கிற ஆள் இல்லை" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அவர்கள் தினமும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரிச்சர்ட் கான்டில்லான் என்ற பொருளியல் அறிஞரின் நூல் 1755-ல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. தொழில்முனைவோர் யார் என்பதற்கு அவர் தந்த விளக்கம் இன்றும் பொருந்தும்: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்பவரே தொழில்முனைவோர். மண்டியில் துவரம் பருப்பு மூட்டையை இறக்கும் கணத்தில் நாம் கொடுக்க வேண்டிய தொகை உறுதியாகிவிடுகிறது. நமக்கு வரவேண்டிய தொகை உறுதியாவதில்லை. இடையில் இருக்கும் அந்த நிச்சயமின்மையைச் சுமப்பதற்கான கூலிதான் லாபம்.

ஆகவே, ரிஸ்க் எடுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த ரிஸ்க்கை, எந்த அளவில், எந்த எல்லையோடு எடுப்பது என்பதே கேள்வி.

வளையம் எறியும் விளையாட்டு

திருவிழாக் கடைகளில் வளையம் போட்டு சோப்பும் பொம்மையும் ஜெயிக்கும் விளையாட்டை நாம் அறிவோம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மெக்லெலண்ட் என்ற உளவியல் அறிஞர், சாதிக்கும் ஊக்கம் உள்ளவர்களை ஆராய்ந்தபோது இதைப் போன்ற ஒரு விளையாட்டைப் பயன்படுத்தினார். தரையில் ஒரு முளை இருக்கும். அதில் வளையம் விழ வேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை எறிபவரே தேர்ந்தெடுக்கலாம்.

சிலர் முளைக்கு மிக அருகில் நின்றார்கள். எறிந்ததெல்லாம் விழுந்தது. சிலர் மிகத் தொலைவில் நின்றார்கள். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் "இவ்வளவு தூரத்திலிருந்து யாரால் முடியும்" என்ற சமாதானம். சாதிக்கும் ஊக்கம் மிக்கவர்களோ இடைப்பட்ட தூரத்தையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே வெற்றி உறுதியில்லை. ஆனால் கையின் பழக்கத்தாலும் கவனத்தாலும் அதை அடைய முடியும்.

மிக அருகில் நிற்பவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. மிகத் தொலைவில் நிற்பவரும் கற்றுக்கொள்வதில்லை, ஏனெனில் அங்கே முடிவு அவர் கையில் இல்லை. நடுவில் நிற்பவருக்குத்தான் ஒவ்வொரு எறியும் ஒரு பாடம். சூதாட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தன் உழைப்பாலும் அறிவாலும் முடிவை மாற்ற முடியும் என்ற இடத்தில் இறங்குவது வியாபாரம். மாற்ற முடியாத இடத்தில் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது சூதாட்டம்.

காக்கிநாடா தரும் பாடம்

இந்த ஊக்கம் பிறவியிலேயே வருவதா, பயிற்சியால் வருமா? இதை அறிய மெக்லெலண்ட் தேர்ந்தெடுத்த ஊர்களில் ஒன்று நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் காக்கிநாடா. 1964-ல் அவ்வூரின் வணிக, தொழில் துறையினர் 52 பேர் ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் நம்மைப் போன்ற சாதாரண முதலாளிகள்தான்.

பயிற்சியில் அவர்களுக்குப் பணம் தரப்படவில்லை. அடையக்கூடிய இலக்கை வைப்பது, அதைத் திட்டமிட்டு நெருங்குவது, செய்ததன் பலனை அடிக்கடி அளந்து பார்ப்பது, "என்னால் முடியும்" என்று தன்னோடு தானே பேசிப் பழகுவது ஆகியவையே பாடங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில், பயிற்சி பெறாத அதே தரத்து வணிகர்களைவிட இவர்கள் புதிய முயற்சிகளில் அதிகம் இறங்கினார்கள், அதிக முதல் போட்டார்கள், அதிகம் பேருக்கு வேலை கொடுத்தார்கள். இம்முடிவுகள் 1969-ல் நூலாக வெளிவந்தன.

அந்த ஆய்வு கண்ட இரண்டு செய்திகளை நாம் மனத்தில் வைக்க வேண்டும். முதலாவது, பழைய வழக்கங்களும் நம்பிக்கைகளும் உள்ளவர் என்பதால் யாருடைய முன்னேற்றமும் தடைப்படவில்லை. நெற்றியில் திருநீறு இட்டு, நல்ல நேரம் பார்த்துக் கடை திறப்பவரும் கணக்கறிந்து துணிய முடியும். இரண்டாவது, தன் தொழிலில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களிடமே பயிற்சி நன்றாகப் பலித்தது. இது நம் குடும்பங்களுக்கு முக்கியமான செய்தி. நாற்பது வயது மகனிடம்கூடக் கல்லாச் சாவியைத் தராத கடைகள் உண்டு. "பையனுக்குத் துணிச்சல் போதாது" என்ற குறையும் அதே கடையில்தான் கேட்கிறது. முடிவெடுத்துப் பழகாதவருக்குத் துணிவு எங்கிருந்து வரும்?

எவ்வளவு போனால் தாங்கும்?

இனிக் கணக்குக்கு வருவோம். சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், தொழில்களைத் தொடங்கி நடத்திப் பழுத்த 27 பேரிடம் ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, எப்படி நடத்துவீர்கள் என்று வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். 2001-ல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. அனுபவசாலிகள் "இதில் எவ்வளவு லாபம் வரும்" என்ற மதிப்பீட்டோடு தொடங்கவில்லை என்பது அவர் கண்டது. என் கையில் என்ன இருக்கிறது, எனக்கு எது தெரியும், எனக்கு யாரைத் தெரியும், இது முழுவதும் போனாலும் நான் தாங்குவேனா என்றே அவர்கள் தொடங்கினார்கள்.

காரணம் எளிது. வரப்போகும் லாபம் ஊகம். போகக்கூடிய நஷ்டத்தையோ இன்றே உட்கார்ந்து எழுதிவிடலாம். ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். இருப்புச் சரக்கு 8 லட்சம், வெளியே நிலுவை 3 லட்சம், ரொக்கம் 1 லட்சம், ஆக 12 லட்சம். சரக்குக்குக் கொடுக்க வேண்டியது 4 லட்சம். உரிமையாளரின் சொந்த முதல் 8 லட்சம். வீட்டுச் செலவு போக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் மிச்சமாகிறது என்று கொள்வோம். அவர் கிளை திறக்கத் திட்டமிடுகிறார்:

கடைக்கு அட்வான்ஸ் 3,00,000 ரூபாய்
ரேக், மின்வேலை, பெயர்ப்பலகை 2,40,000 ரூபாய்
சரக்கு 4,00,000 ரூபாய்
வாடகை, சம்பளம், மின்சாரம் மாதம் 45,000 வீதம் 6 மாதத்துக்கு 2,70,000 ரூபாய்

மொத்தம் 12,10,000 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்தே பலர் பயந்து விலகுகிறார்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறார்கள். இரண்டுமே தவறு. ஆறு மாதத்தில் கிளையை மூட நேர்ந்தால் எவ்வளவு திரும்பாது என்று பார்க்க வேண்டும். அட்வான்ஸ் திரும்பும். ரேக் முதலியவை 60,000 ரூபாய்க்கு விலைபோனால் நஷ்டம் 1,80,000. சரக்கை 15 சதவீதம் குறைத்துத் தள்ளினால் நஷ்டம் 60,000. வாடகை, சம்பளம் முழுவதும் கையை விட்டுப் போகிறது என்றே வைத்தால் 2,70,000. ஆக நஷ்டம் 5,10,000 ரூபாய். வெளியே கடன் வாங்கினால் வட்டி தனி.

இது சொந்த முதலில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. இதை ஈடுகட்ட மூன்றரை ஆண்டுச் சேமிப்பு வேண்டும். அதற்குள் தாய்க் கடையில் சரக்கு குறையும். சரக்கு போடுபவர்கள் தவணையைச் சுருக்குவார்கள். இந்த நஷ்டம் தாங்காது.

அப்படியானால் கிளையே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். கணக்கை மாற்றிப் பார்க்கலாம். பழைய ரேக்குகளை 80,000 ரூபாய்க்கு வாங்கினால், விற்கும்போது பாதி கிடைத்தாலும் நஷ்டம் 40,000. சரக்கை 2 லட்சத்துக்குச் சுருக்கி, தாய்க் கடையிலிருந்து தினமும் நிரப்பினால் நஷ்டம் 30,000. இடத்தைச் சிறிதாக எடுத்து மாதச் செலவை 35,000 ஆக்கி, 4 மாதத்தில் முடிவெடுப்பது என்று வரையறுத்தால் 1,40,000. மொத்த நஷ்டம் 2,10,000 ரூபாய். ஒன்றரை ஆண்டுக்குள் ஈடுகட்டிவிடலாம். ஊரும் அதே, மனிதரும் அவரே. தாங்காத ரிஸ்க்கைத் தாங்கக்கூடிய ரிஸ்க்காக மாற்றியது அரை மணி நேரக் கணக்கு.

திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' என்ற அதிகாரம் முதலில் அழிவதையும், பிறகு ஆவதையும், அதன்பின் எஞ்சும் ஊதியத்தையும் எண்ணச் சொல்கிறது. லாபத்தை நினைத்து முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்றும் எச்சரிக்கிறது. வள்ளுவர் நஷ்டத்தை முதலில் வைத்த வரிசையை வணிகர்கள் கவனிக்க வேண்டும்.

சிறிதாகச் செய்து பார்த்தல்

நம் கடைகளில் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்டையே உதாரணமாகக் கொள்ளலாம். பிற்காலத்தில் கெவின்கேர் என்று பெயர் பெற்ற நிறுவனத்தை சி.கே. ரங்கநாதன் 1983-ல் கடலூரில் 15,000 ரூபாய் முதலுடன் தொடங்கினார். குடும்பத் தொழிலிலிருந்து வெளியே வந்து, 'சிக்' ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். பெரிய நிறுவனங்களோடு விளம்பரத்தில் மோதும் பணம் அவரிடம் இல்லை. எந்த ஷாம்பூவின் காலிப் பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு 'சிக்' இலவசம் என்று அறிவித்தார். மக்கள் பழகிய பிறகு, 'சிக்' காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தகவல் தந்தது என்பதுதான். முதல் படியிலேயே எல்லாவற்றையும் பணயம் வைத்திருந்தால் இரண்டாவது படிக்கு முதல் மிஞ்சியிருக்காது. புதிய அரிசி ரகத்தை லாரிக் கணக்கில் இறக்குமுன் பத்து மூட்டை விற்றுப் பார்ப்பதும், புதிய ஊருக்கு லைன் வண்டி அனுப்புமுன் வாரம் ஒரு நாள் ஆர்டர் எடுத்துப் பார்ப்பதும் இதே முறைதான்.

எடுக்கவே கூடாத ரிஸ்க்குகள்

அளவில் சிறிதாக்க முடியாத ரிஸ்க்குகளும் உண்டு. ஒரே அடியில் தொழிலையும் குடும்பத்தையும் சாய்த்துவிடும் இவற்றை லாபம் எவ்வளவு இருந்தாலும் விலக்க வேண்டும்.

1. ஜாமீன் கையெழுத்து. நண்பருக்காகத்தானே என்று போடுகிறோம். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. லாபம் அவருக்கு, நஷ்டம் நமக்கு என்ற வியாபாரத்தை யாராவது செய்வார்களா?

2. யோசிக்காத கூட்டு. 1932-ம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டப்படி, கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் தனித்தும் சேர்ந்தும் பொறுப்பு. பத்து சதவீதப் பங்குள்ளவரிடமும் முழுக் கடனையும் கேட்கலாம். கூட்டாளிகளின் பொறுப்பை வரையறுக்கும் அமைப்புக்கு 2008-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆடிட்டரைக் கலந்து பேசுவது நல்லது.

3. குடியிருக்கும் வீட்டின் பத்திரம். தனி உரிமையாளர் நடத்தும் கடையில், கடையின் கடனும் சொந்தக் கடனும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே. இதற்கு மேல் வீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகைகளையும் சேர்த்து அடகு வைத்தால், விழும்போது எழுந்து நிற்க இடமிருக்காது. குடும்பத்தினருக்குத் தெரியாமல் அடகு வைப்பதோ இதைவிடப் பெரிய தவறு. தாங்கப் போகிறவர்களைக் கேட்காமல் சுமையை ஏற்றக்கூடாது.

4. வரிப் பணம். 2017 ஜூலை முதல் நாம் வசூலிக்கும் ஜி.எஸ்.டி. நம் கல்லாவில் இருந்தாலும் நம் பணம் அல்ல. அதை எடுத்துச் சரக்கு போடுவது வட்டியோடும் அபராதத்தோடும் திரும்பி வரும்.

5. ஒரே ஆளிடம் பெரும் பாக்கி. நிகர லாபம் 4 சதவீதம் என்றால், 1 லட்சம் வாராக்கடனை ஈடுகட்ட 25 லட்சத்துக்குப் புதிதாக விற்க வேண்டும். கடன் கொடுக்கும்போது நாம் விற்பது சரக்கை மட்டும் அல்ல, அந்த 25 லட்சம் விற்பனையின் உழைப்பையும்தான்.

தீ, வெள்ளம் போன்றவற்றை இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தோளுக்கு மாற்றிவிடலாம். 2015-ல் சென்னையிலும் கடலூர் மாவட்டத்திலும் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்ததை நாம் மறந்திருக்க முடியாது. ஆனால் பிரீமியத்தை மிச்சப்படுத்தக் குறைத்துக் காட்டக்கூடாது. 20 லட்சம் சரக்கை 10 லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்து, 4 லட்சத்துக்குச் சேதமானால், பொதுவான விகிதாசார விதிப்படி கிடைப்பது 2 லட்சமே. பாலிசியின் நிபந்தனைகளைப் படித்துக் கையெழுத்திடுங்கள்.

சும்மா இருப்பதும் ரிஸ்க்தான்

இவ்வளவு எச்சரிக்கையைப் படித்துவிட்டு, "எதுவும் வேண்டாம், இருக்கிறபடியே இருப்போம்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அசையாமல் இருப்பதற்கும் விலை உண்டு. அந்த விலை ஒரே நாளில் தெரியாது என்பதால் நாம் அதை எழுதுவதில்லை. கம்ப்யூட்டர் பில் போடத் தயங்கியவர், கியூ.ஆர். அட்டை வைக்க மறுத்தவர், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க யோசித்தவர் ஆகியோரின் வாடிக்கையாளர்கள் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சத்தமில்லாமல் அடுத்த கடைக்குப் போனார்கள்.

நம்மைக் கட்டிப்போடுவது நஷ்டத்தின் மேல் உள்ள அச்சம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. ஒரே தொகையானாலும், கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சியைவிட இழக்கும்போது வரும் வலி பெரிது. அந்த வலியைத் தவிர்க்கவே, நஷ்டத்தில் இருப்பவர் மேலும் பெரிய ரிஸ்க்கில் இறங்குகிறார். விலை இறங்கும் சரக்கை மேலும் வாங்கிச் 'சராசரி' பார்ப்பதும், ஓடாத கிளைக்கு மேலும் கடன் வாங்கி ஊற்றுவதும் இதனால்தான்.

பரணில் தூங்கும் சரக்கும் இதே கதைதான். 1 லட்சத்துக்கு வாங்கிய சரக்கு ஓராண்டாக நகரவில்லை. 70,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். "அடக்க விலைக்குக் குறைத்துக் கொடுக்கமாட்டேன்" என்கிறோம். அந்த 70,000 ரூபாயை 8 சதவீத லாபம் தரும் ஓடும் சரக்கில் போட்டு ஆண்டுக்கு ஆறு முறை சுற்றினால் 33,600 ரூபாய் மொத்த லாபம் வருகிறது. இழந்த 30,000 ஓராண்டுக்குள் திரும்புகிறது. பரணில் இருப்பதோ அடுத்த ஆண்டு 50,000 ரூபாய்க்கும் போகாது.

பழக்கமாக்கிக்கொள்ள

துணிவைப் பழக ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அதற்கு 'முடிவு நோட்டு' என்று பெயரிடுங்கள். புதிதாக எதில் இறங்கினாலும், இறங்குவதற்கு முன் ஒரு பக்கத்தில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்:

1. இது முழுவதும் தோற்றால் திரும்பாத தொகை எவ்வளவு? அது எத்தனை ஆண்டுச் சேமிப்பு?
2. இதில் முடிவை மாற்றக்கூடிய எந்த வேலை என் கையில் இருக்கிறது?
3. இதையே கால் பங்கு அளவில் செய்து பார்க்க வழி உண்டா?
4. எந்தத் தேதியில், எந்த எண்ணைப் பார்த்து, தொடரவோ நிறுத்தவோ போகிறேன்?
5. இந்தப் பக்கத்தை வீட்டில் உள்ளவர்களிடம் காட்டினேனா?

நான்காவது கேள்வி மிக முக்கியம். நிறுத்தும் எல்லையை மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். நஷ்டம் தொடங்கிய பிறகு எழுதினால், எல்லை தானாகவே நகர்ந்துகொண்டே போகும். குறித்த தேதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, நினைத்தது என்ன, நடந்தது என்ன என்று கீழே எழுதுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த நோட்டு உங்களைப் பற்றிய பாடநூலாகிவிடும். எந்த வகை முடிவில் நம் ஊகம் சரியாக வருகிறது, எதில் ஏமாறுகிறோம் என்பது அதில் தெரியும்.

கடைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ இதே போன்ற ஒரு நோட்டையும் ஒரு சிறு தொகையையும் கொடுங்கள். 25,000 ரூபாய் போதும். கொள்முதலும் விற்பனையும் அவர்கள் பொறுப்பு. அது போனாலும் திட்டமாட்டேன், கணக்கு மட்டும் கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 25,000 ரூபாயில் கற்காத பாடத்தைப் பிற்காலத்தில் 25 லட்சத்தில் கற்க நேரலாம்.

அகலக் கால் வைக்கக்கூடாது என்பது உண்மை. ஆனால் கால் வைக்காமல் யாரும் நடந்ததில்லை. அடுத்த அடியின் நீளத்தை அளந்துகொண்டு, தடுக்கினாலும் எழுந்து நிற்க இடம் வைத்துக்கொண்டு நடப்பவரே நெடுந்தூரம் போகிறார். அளவுகோல் நம் பேரேட்டிலேயே இருக்கிறது. இன்று கடை அடைத்த பிறகு, மனத்தில் இருக்கும் ஒரு திட்டத்தையாவது எடுத்து அந்த ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்.